நான் கழற்றிக் கொடுத்த ஒயர்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
12.7.2025

அன்புள்ள சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது.

நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதைத் தொடங்குகிறேன். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்பில் குறையில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, காலையில் கடற்கரை வரை நடந்துவிட்டு வருகிறார். மனதில்தான் ஒரு பாரம், அதை இறக்கத்தான் இந்தக் கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, நம் சைக்கிள் கடையில் நான் வேலை செய்வதை வீடியோ எடுத்து அனுப்பு, சாதாரண சைக்கிளுக்கு எங்கம்மா மோட்டார் மாட்டுகிறாள் என்று ஆபீசில் காட்டப் போகிறேன் என்றாய். நானும் ஆகட்டும் என்றேன். குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தூக்கம் என்று சொல்லி வைத்துவிட்டேன். காரணம் அதில்லை. அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடை நடுவில் வைத்துப் பேசுகிற ஆள், பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் நிற்பார்கள், அங்கே வைத்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை இது. எழுதினால்தான் ஒன்றை விடாமல் சொல்வேன் என்று தோன்றியது.

வீராம்பட்டினத்து இருசப்பன் அண்ணனை உனக்குத் தெரியும். சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு நம் தெருவுக்கு மீன் கொண்டு வருபவர், நீ பள்ளிக்கூடம் போகும்போது டாக்டரம்மா என்று கூப்பிடுவாரே, அவர்தான். முட்டி வலியால் பெடல் மிதிக்க முடியவில்லை என்று போன வருடம் தீபாவளிக்கு முன் நம்மிடம் வந்து மோட்டார் கிட் போட்டுக்கொண்டார். அவருடைய பழைய சைக்கிளையே வைத்து, பின்னால் சுமை இருப்பதால் மோட்டார் வைத்த சக்கரத்தை முன்னால் போட்டோம். கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு கேபிள் பிரேக் மாட்டியது அப்பா. பேட்டரி, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி, கைப்பிடியில் ஆக்சிலேட்டர், அதற்கான ஒயர் வேலை எல்லாம் நான். ஒன்பது வருடம் சேதராப்பட்டு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டுக்குச் சால்டர் வைத்த கை, அதனால் ஒயர் விஷயத்தில் அப்பா குறுக்கே வருவதில்லை, நான் சொன்னதுதான். பிரேக்கைப் பிடித்தால் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும், அதற்காக பிரேக் லீவரிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கன்ட்ரோலருக்குப் போகும். அதைக் கழற்றக் கூடாது என்று முதல் நாளே நீ எனக்குச் சொன்னாய். சொன்னதை மறந்து செய்தேன் என்று எழுதினால் அது பொய். தெரிந்துதான் செய்தேன்.

காரணம் அரியாங்குப்பம் பாலம், அவர் ஊரிலிருந்து டவுனுக்கு வரும் வழி. காலையில் அந்தப் பாலத்தில் பஸ்ஸும் லாரியும் நெருக்கியடித்து நின்று நின்றுதான் நகரும். ஏற்றத்தில் நிற்கும்போது, ஐஸும் மீனுமாகப் பின்னால் இருக்கிற பெட்டி வண்டியைக் கீழே இழுக்கும், பிரேக்கைப் பிடித்தே நிற்க வேண்டும். கிளம்பும்போது பிரேக்கை விட்டால்தான் மோட்டார் இழுக்கும், விட்ட அந்த நொடியில் சைக்கிள் பின்னால் உருளும். இரண்டு தடவை பின்னால் வந்த காரில் பெட்டி இடித்து, கார்க்காரன் இறங்கி அசிங்கமாகப் பேசினானாம். தை மாதத்தில் ஒரு நாள் அண்ணன் வந்து, “யம்மா, பிரேக்கப் புடிச்சிக்கினே மோட்டார் இழுக்கற மாதிரி எதனா செஞ்சி குடேன், பாலத்துல மானம் போவுது” என்றார். கூடாது என்று சொன்னேன். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். நானும் அப்பாவுடன் வண்டியில் போய் அந்தப் பாலத்தில் நின்று பார்த்தேன், அவர் சொன்னது உண்மைதான். கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து ஒயரைப் பிடுங்கி முனையில் டேப் சுற்றிவிட்டேன், இரண்டு நிமிட வேலை. பிரேக்கில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, மோட்டார் முன்னால் இழுப்பது தெரிந்த பிறகு பிரேக்கை விட வேண்டும் என்று நானே அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணன் ஊருக்குள் போய்ச் சொன்னார். பங்குனிக்குள் வீராம்பட்டினத்திலிருந்து இன்னும் ஆறு பேர் வந்துவிட்டார்கள், கிட் போடும்போதே பாலத்து வேலையையும் செய்துவிடு என்றார்கள். செய்து கொடுத்தேன். அவர்கள் என்னைப் பாலத்தக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நானும் யோசிக்கவில்லை, அவர்களும் யோசிக்கவில்லை, ஒன்றை. மீன் விற்கிறவர் வாசலுக்கு வாசல் நின்று ஐஸுக்குள் கையை விட்டு மீன் எடுத்துக் கொடுக்கிறார். பத்து வீடு தாண்டினால் வலது கை விரல்கள் மரத்துவிடும். மரத்த கைக்கு எதைப் பிடித்திருக்கிறோம், எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்பது தெரியாது. ஆக்சிலேட்டரும் அந்தக் கையில், முன் பிரேக்கும் அந்தக் கையில். ஒயர் இருந்திருந்தால் தெரியாமல் முறுக்கினாலும் பிரேக் பிடித்ததும் மோட்டார் செத்துவிடும். ஜூன் இருபத்துநான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி இருக்கும், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மீன் வரத்து கூடியிருந்த நேரம், பெட்டி நிறைய சங்கரா மீனும் கவலை மீனும். நம் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள் என்று அண்ணன் பிரேக்கைப் பிடித்திருக்கிறார். லீவரை அழுத்தும்போதே கைப்பிடியும் கூடவே உருண்டிருக்கிறது. சைக்கிள் நிற்காமல் இழுத்துக்கொண்டு போய் வாய்க்கால் கட்டையில் மோதி, அவர் விழுந்து, பெட்டி அவர்மேல் விழுந்தது. வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. தெருக்காரர்கள் ஆட்டோவில் வைத்துக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், சைக்கிளை நம் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே கம்பி வைத்து ஆபரேஷன் நடந்து நல்லபடியாகத்தான் இருக்கிறார், ஆனால் மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாதாம். ஆடித் தேருக்கு இந்த வருடம் அவர் வடம் பிடிக்க முடியாது.

அன்று மதியம் அப்பா சாப்பிடப் போன நேரத்தில் நான் அந்தக் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்தேன். டேப் சுற்றிய ஒயர் அப்படியே இருந்தது. டேப்பைப் பிரித்து அதை அதன் இடத்தில் மாட்டி மூடிவிட்டேன். யார் வந்து பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று இருக்கட்டும் என்ற எண்ணம்தான், வேறு எதுவுமில்லை. ஒயரைக் கழற்றியதைவிட அன்று அதை மாட்டியதுதான் எனக்கு இப்போதும் கூசுகிறது. மாலையில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “அவரே கை மரத்துப் போச்சின்னு சொல்லிக்கினு இருக்காரு, நீ எதுக்குப் போயி வாயக் குடுக்கற” என்றார். அப்பாவைத் தப்பாக நினைக்காதே. கடை போய்விடும் என்கிற பயம் அவருக்கு. எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதனால் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு வாரம் கழித்து தனம் அண்ணி, அண்ணனின் சம்சாரம், கடைக்கு வந்தாள். தலையில் கூடையை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து அவளே நம் தெருவில் மீன் விற்கிறாள் இப்போது. சைக்கிளை யாருக்காவது தள்ளிவிடுங்கள் என்றாள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, அவருக்குக் கை செத்துப்போச்சு, இனிமேல் சைக்கிளே தொட மாட்டேன் என்கிறார், கால் சரியானாலும் வலைக்கூடத்தில் உட்கார்ந்து கிடக்க வேண்டியதுதான் என்றாள். “கைய மடக்கி மடக்கிப் பாத்துக்கினு கெடக்கறாரு. சோறு ஊட்டறேன்னாலும் வாணாங்கறாரு” என்று சொல்லும்போது அவள் அழவில்லை. நான் ஒயர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஐம்பத்தாறு வயது ஆள், கையில் ஒரு குறையும் இல்லாதவர், நான் வாயை மூடிக்கொண்டிருப்பதால் தன் கையைச் செத்த கை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறமும் நான்கு நாள் ஆனது எனக்கு.

ஐந்தாம் தேதி சனிக்கிழமை பஸ் பிடித்துக் கோரிமேடு போனேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அவர் போகாதே என்றும் சொல்லவில்லை, போய் வா என்றும் சொல்லவில்லை. அண்ணன் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார், அண்ணி பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். ஒயர் இருந்தால் நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் வண்டி நின்றிருக்கும், அதைக் கழற்றியது நான், விழுந்த அன்றே திரும்ப மாட்டி மறைத்ததும் நான் என்று. அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வலது கையைத் தூக்கி விரல்களைப் பார்த்துவிட்டு, “அப்ப என் கையில ஒண்ணுமில்லியாம்மா?” என்று கேட்டார். இல்லை அண்ணே, ஐஸில் கை வைத்தால் யாருக்கும் மரக்கும், அது அரைமணி நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். அடுத்து அண்ணிதான் கேட்டாள். “பதினோரு நாளா இத வாயிலயே வச்சிக்கினு, எங்கிட்ட நெத்திலி வேற வாங்கித் தின்னியா வசந்தா?” போ என்றாள், வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அப்பாவே வண்டியை எடுத்தார். வீராம்பட்டினம் போய் மற்ற ஆறு பேரையும் பார்த்தோம். மீன் ஏலம் முடிந்து எல்லாரும் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரம். நடந்ததைச் சொல்லி, ஒயரை மாட்ட வந்திருக்கிறோம் என்றேன். அதற்குள் விஷயம் எனக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டிருந்தது. ஒருவர், பாலத்தக்கா இப்ப பாலத்த ஒடைக்க வந்துட்டாங்க என்றார், யாரும் சிரிக்கவில்லை. ஐந்து பேர் மாட்டவிட்டார்கள். பாவாடை என்பவர் மட்டும் கன்ட்ரோலர் பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு விடவில்லை. “மாட்டிட்டுப் போயிடுவ. நாளைக்கிப் பாலத்துல பின்னால உருண்டா நீ வந்து தள்ளுவியா?” என்றார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. அவர் வண்டியில் இன்னும் மாட்டவில்லை, நான்கு நாளாக அவர் வீட்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். இங்கேதான் உன் உதவி வேண்டும். ஏற்றத்தில் சுமையோடு நிற்கிற சைக்கிள், பிரேக்கை விட்டதும் பின்னால் உருளாமல் இருக்க, அந்த ஒயரைத் தொடாமல் செய்ய ஒரு வழி இருக்குமா என்று உன் ஆபீசில் தெரிந்தவர்களிடம் கேள். பின் சக்கரத்தில் பின்பக்கமாக உருளும்போது மட்டும் பூட்டிக்கொள்கிற பல் ஏதாவது வைக்க முடியுமா என்று அப்பா ஒரு படம் வரைந்திருக்கிறார், அதை இதோடு வைத்திருக்கிறேன். படத்தைக் காட்டுவதற்கு வெட்கப்படாதே. என்னைப் பற்றிய வீடியோ வேண்டாம். காட்ட வேண்டுமென்றால் இதைச் சொல்லிக் காட்டு, மற்ற ஊர்களிலும் இப்படிக் கழற்றிக் கேட்கிறவர்கள் இருப்பார்கள், கழற்றிக் கொடுக்கிறவர்களும் இருப்பார்கள்.

நேற்று காலை தனம் அண்ணி கடைக்கு வந்தாள். கூடையை இறக்கவில்லை, உள்ளேயும் வரவில்லை. உட்காரச் சொன்னேன், டீ சொல்லட்டுமா என்று அப்பா கேட்டார். சைக்கிளை விற்க வேண்டாம், எடுத்துப் போக வந்தேன் என்றாள். அப்பா முன் சக்கரத்தைச் சரிசெய்து வைத்திருந்தார். நான் கன்ட்ரோலர் பெட்டியைத் திறந்து ஒயர் மாட்டியிருப்பதைக் காட்டினேன். அவள் ஒயரைப் பார்க்கவில்லை, “கண்ணால பாத்து எனக்கு என்ன தெரியும், ஓட்டிக் காட்டு” என்றாள். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து முறுக்கினேன், சக்கரம் சுற்றியது, முறுக்கியபடியே பிரேக்கை லேசாகத் தொட்டேன், மோட்டார் சத்தம் நின்றது. நகரு என்றாள். கூடையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவளே கைப்பிடியைப் பிடித்தாள். முறுக்கி, பிரேக்கைத் தொட்டு, நின்றதும் விட்டு, மறுபடி முறுக்கினாள். மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் நின்றது. நான்காவது தடவை கூடையிலிருந்த ஐஸில் வலது கையை விட்டு, கை சிவக்கும்வரை வைத்திருந்து, அந்தக் கையோடு முறுக்கிப் பிரேக்கைப் பிடித்தாள். அதுவும் நின்றது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், கூடையைப் பின் கேரியரில் கட்டினாள். ஷேர் ஆட்டோவுக்குப் போகாமல், அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வெயிலில் தெற்கே அவர்கள் ஊர்ப் பக்கம் நடந்து போனாள்.

உனக்கு நீண்ட ஆயுளும் தெளிந்த புத்தியும் கிடைக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கூடாது என்று தெரிந்த ஒன்றை நல்ல மனிதர் ஒருவர் மூன்று நாள் வந்து கேட்டாலும், நீ கூடாது என்றே சொல்லும் தைரியத்தோடு இரு. மழையில் நனைந்து ஆபீஸ் போகாதே, காய்ச்சல் வந்தால் தானாகப் போகும் என்று கிடக்காதே. அப்பாவின் படத்தைப் பற்றி இந்த வாரத்துக்குள் பதில் சொல், பாவாடை தினமும் அந்தப் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
வசந்தா புருஷோத்தமன்