பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா?

துவைத்த பிறகும் என் சட்டைத் தோளில் ஒரு வெள்ளைக் கறை இருக்கிறது. போன வாரம் வடக்குத்து கிராமத்தில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது ஒட்டியது. கதவைத் திறந்ததும் புது டிஸ்டெம்பர் வாசனை. அப்பா ஆசையாகச் சுவரைத் தடவினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அதே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். நீ பால் காய்ச்சிய அன்று உன் வீட்டிலும் இதே வாசனைதான்.

"இன்னா சார், பெயின்ட் ஒத்துக்கலயா?" என்றார் புரோக்கர். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நாங்கள் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்காரர்கள். குழாய் ஒழுகினால் புகார் எழுதிப் போடுவோம், ஆள் வரும். காலுக்குக் கீழே உள்ள மண் யாருடையது என்று வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. இப்போது அப்பா வாழ்நாள் முழுக்க ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்ததை ஒரே கையெழுத்தில் கொடுக்கப் போகிறோம். பயமாக இருக்கிறது. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

சுரங்கத்தில் நீயும் நானும் ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை செய்தோம். நான் சூப்பர்வைசர் என்ற பெயரில் நிழலில் நிற்பேன், நீ கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் கரிச்சேறு அள்ளுவாய். சாப்பாட்டு நேரத்தில் உன் பேச்சு எப்போதும் வீட்டைப் பற்றித்தான். வாடகை வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். "சொந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்டா. வேற ஒன்னும் வாணாம்" என்பாய்.

வங்கிக்கு நானும் உன்னோடு வந்தேன். மேனேஜர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பெர்மனென்ட்டா?" "கான்ட்ராக்ட் சார்" என்றாய். காகிதங்களை உன் பக்கமே தள்ளிவிட்டார். கடைசியில் மனைவியின் நகையை அடகு வைத்தாய். ஒரே குழியில் வேலை செய்கிறவர்களில் ஒருவனுக்கு வீட்டுக் கடன், இன்னொருவனுக்கு நகைக் கடன். வட்டியில் மட்டுமல்ல வித்தியாசம். வீட்டுக் கடன் கொடுக்கிற வங்கி தன் வக்கீலை விட்டு தாய்ப்பத்திரம் முதல் பட்டா வரை துருவும். நகையை வாங்கி வைத்துக்கொள்கிறவன் நீ என்ன வாங்குகிறாய் என்றுகூடக் கேட்பதில்லை. காவல் தேவைப்படுகிறவனுக்குத்தான் இந்த நாட்டில் காவல் கிடையாது.

நீ ஏமாளி இல்லை. விசாரித்தாய், அலைந்து அலைந்து விசாரித்தாய். ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாய்: "இந்தப் பக்கம் மைன்ஸ் வருமா?" உங்கள் குடும்பம் ஒருமுறை மைன்ஸுக்காக ஊரை விட்டு வெளியேறிய குடும்பம். நம் பக்கத்தில் வீடு வாங்குகிற யாருக்கும் முதல் பயம் அதுதான். டீக்கடையில் கேட்டாய், சர்வேயரிடம் கேட்டாய், ரிட்டயரான ஃபோர்மேனை வழிமறித்துக் கேட்டாய். வராது என்றார்கள். "மூணு பேர் சொல்லிட்டாங்கடா. இனிமே எனக்கு இன்னா பயம்?" என்று சிரித்தாய். அந்தப் பெரிய பயம் தீர்ந்ததில் மற்ற எல்லாப் பயமும் உனக்குத் தீர்ந்துபோயிற்று.

விற்றவர் நிலத்துக்காரர் இல்லை. அவருக்குப் பதிலாக விற்கும் அதிகாரத்தை, அதாவது பவரை, அவரிடம் எழுதி வாங்கிய ஆள். அவனே சொன்னான்: "பத்திரத்துல வெலைய கொறச்சுக் காட்டிக்கலாம் தம்பி. வழிகாட்டி மதிப்பு போட்டா போதும். முத்திரைச் செலவு, பதிவுச் செலவு ரெண்டும் மிச்சம்." அதற்கும் தலையாட்டினாய். மிச்சமானதில் உன் மனைவி ஒரு சீலிங் ஃபேன் வாங்கினாள்.

மழைக்காலம் முடியும்போது ஒரு பெண்ணும் இரண்டு தம்பிகளும் உன் கேட்டில் வந்து நின்றார்கள். வெயிலில் வந்தார்கள் என்று மோர் கொடுத்தாய். அந்த அம்மா குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எங்கப்பா பவர் குடுத்தது நெசந்தாங்க. ஆனா நீங்க பதியறதுக்கு முன்னாடியே அவரு தவறிட்டாரு. எங்க யாருக்கும் நயா பைசா வரல." அவர்களும் ஏமாந்தவர்கள்தான் என்பது முகத்திலேயே தெரிந்தது. அதனால்தான் உன்னால் கோபப்படக்கூட முடியவில்லை. பவர்காரனின் போன் அன்றிலிருந்து அணைந்தே கிடந்தது.

கடலூர் வக்கீல் நம்மை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "குடுத்தவர் செத்தா பவரும் செத்துப்போச்சு" என்றார்.

"வில்லங்கம் போட்டுப் பாத்தோமே சார். சுத்தமா இருந்துச்சே" என்றாய்.

"வில்லங்கத்துல சாவு வராதுப்பா."

பணத்தையாவது திரும்பக் கேட்கலாமா என்றாய். கேட்கலாம், ஆனால் பத்திரத்தில் எழுதிய தொகைக்குத்தான் ஆதாரம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது குறிஞ்சிப்பாடி வரைக்கும் பத்திரத்தையே புரட்டிக்கொண்டு வந்தாய். பிறகு, "ஃபேன் நல்லாத்தான் ஓடுது" என்றாய்.

அந்த வீடு உன்னைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குச் சர்க்கரை இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை. ஆனால் கேட் சத்தம் கேட்டாலே உன் கை சோற்றில் அப்படியே நின்றதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த மழைக்கு நீ இல்லை.

அதனால்தான் அன்று, அந்த டிஸ்டெம்பர் வீட்டையும் பவர்காரர்தான் விற்கிறார் என்று தெரிந்ததும் கேட்டேன்: "பவர் குடுத்தவரு உயிரோட இருக்காரா?"

புரோக்கர் முகம் சுருங்கியது. "காலங்காத்தால இன்னா சார் சாவுப் பேச்சு? வேற பார்ட்டி அட்வான்ஸோட நிக்கிறாங்க."

"நான் அவரை நேர்ல பாக்கணும்."

"தப்பா நெனச்சுக்கப் போறாருடா" என்று அப்பா காதருகே சொன்னார். அவர் கை பையிலிருந்த அட்வான்ஸ் கவரை எடுக்கப் போனது. அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்பாவை நான் அப்படிப் பிடித்ததே இல்லை.

மறுநாள், அந்த வீட்டுக்குப் பவர் கொடுத்த பெரியவரைத் தேடிக் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். பெரியவர் தறியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் கீறனா, பூட்டனானு பாக்க வந்தியா தம்பி?"

"ஆமாங்க ஐயா. உயிரோட இருக்கீங்களான்னு பாக்கத்தான் வந்தேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அது ஓய வெகுநேரம் ஆனது. பவர் வேண்டாம், பதிவன்று நீங்களே வந்து கையெழுத்துப் போடுங்கள் என்றேன். உண்மையான விலையைத்தான் எழுதுவேன், செலவு ஏறினால் ஏறட்டும் என்றேன். "வரேன். அதுவரைக்கும் சாவாம இருக்கணும், அவ்ளோதான?" என்றார்.

திரும்பும் வழியில் உன் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு வழக்கு இன்னும் வாய்தாவில் இருக்கிறது. உன் படம் அலமாரியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாட்டவில்லையா என்று கேட்டேன்.

"தீர்ப்பு வரட்டும்ணே" என்றாள் உன் மனைவி. "அடுத்தவங்க செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னு இவரே சொல்லுவாரு."

திங்கட்கிழமை பதிவு. தினமும் காலையில் பெரியவருக்குப் போன் செய்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது உன் கேட் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. இன்று வெகுநேரம் அவர் போனை எடுக்கவில்லை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த இருமல்.

"கீறேன் தம்பி" என்றார்.