ஏரிக்கரைக் காலனியின் எண்

ஜூன் 12, 2025. வியாழன்
உறுதியானது: தொழிற்சாலையில் அம்மோனியா கசிந்தால் எச்சரிக்க வேண்டிய எண்களில் ஏரிக்கரைக் காலனிக்கு ஒன்றே ஒன்று. எபினேசர், ஊர்ப் பொறுப்பாளர். ஆதாரம்: அவசரகாலக் குழுவின் திட்ட நகல், பக்கம் 31.

அழைத்தேன். இரண்டாவது மணியில் ஒரு பெண் எடுத்தார்.
"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது சார். நான் அவரு ஊட்டுக்காரி, ஞானம்மா. இன்னா விசயம்?"

ஜூன் 14, சனி
காலனிக்குப் போனேன். தொழிற்சாலைச் சுவருக்கும் முதல் வீட்டுக்கும் நடுவில் ஒரு தார்ச்சாலை, அவ்வளவுதான். ஞானம்மா அங்கே நாஷ்டா கடை வைத்திருக்கிறார். கணவரின் போன் எப்போதும் இடுப்பில்.

"ஒத்திகைன்னு போன் வரும். எபினேசரான்னு கேப்பாங்க. ஆமான்னுடுவேன்."
"பெண் குரலில் எபினேசரா?"
"கேக்குறவனுக்கே கவல இல்ல. உனக்கு இன்னா சார்?"

சிரித்துவிட்டேன். அழைப்பு வந்ததும் ஓடிப் போய்க் கோயில் மணியை அடிப்பாராம். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் படுத்த படுக்கை. தூக்க நான்கு பேர் வேண்டும். எந்த ஷிப்ட்டில் யார் வீட்டில் இருப்பார்கள் என்பது ஞானம்மாவுக்கு அத்துப்படி. இட்லி தின்ன வருகிறவர்கள்தானே.

ஜூன் 17, செவ்வாய்
நான் எழுதிய செய்தி பேப்பரில் வந்துவிட்டது. தலைப்பு: 'எச்சரிக்கைப் பட்டியலில் இறந்தவர் பெயர்'. ஞானம்மா பற்றிய கடைசிப் பத்தியை இடமில்லை என்று வெட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 3, வியாழன்
காலை பதினொன்றுக்கு ஒத்திகை. சுற்றியுள்ள ஊர்களுக்கு அழைப்பு போனது. காலனியில் மணி அடிக்கவில்லை.

குழுச் செயலர் அன்புசெல்வனிடம் கேட்டேன். "நீங்கதானே சார் எழுதுனீங்க? செத்தவரு பேரு, நம்பரு ரெண்டையும் எடுத்துட்டோம். புதுப் பேரு இன்னும் வரல."

கடைக்குப் போனேன். ஞானம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.
"பேப்பர்ல போட்டு ஒரேயடியா சாவடிச்சிட்டியே சார் அவர." போனை இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, "அது போவட்டும். நெசமாவே கேஸ் வந்துச்சின்னா குப்பம்மாள யாரு தூக்குறது?"

இதே ஒத்திகை நிஜமாக இருந்திருந்தால் —

இடம் போதாவிட்டால் கடைசிப் பத்தியைத்தான் வெட்டுவார்கள். முப்பத்தொரு வருஷமா செய்தி எழுதுற, இது தெரியும்டா உனக்கு. அந்தப் பொம்பளைய ஏன் முதல் வரியில வைக்கல?

ஜூலை 7, திங்கள்
குழுவுக்கு மனு. ஞானம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்த நேரத்தில் எந்த நால்வர் தூக்குவார்கள் என்பது மட்டுமே ஒரு பக்கம். "அந்த உயரமா கீறவன போடாத சார், முதுகு வலிக்காரன்."

ஜூலை 8, செவ்வாய்
செய்தி வந்தது. முதல் வரி: 'ஏரிக்கரைக் காலனியில் எச்சரிக்கை அழைப்பை எடுப்பவர் ஞானம்மா.'

ஜூலை 19, சனி
மனுவுக்குப் பதில் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
திருத்திய வரைவைப் பார்த்தேன். பக்கம் 31: ஞானம்மா. அடுத்த வரியில் குப்பம்மாள், தூக்க நால்வர், ஷிப்ட் வாரியாக. கடையில் போய்ச் சொன்னேன்.
"நம்பரு?"
"அதே நம்பர்தான்."
தலையை ஆட்டிவிட்டு இட்லித் தட்டை இறக்கப் போய்விட்டார்.

நிலுவை: குழுத் தலைவரின் கையெழுத்து. 14-ஆம் தேதிக் கூட்டத்தில் ஆகிவிடும் என்கிறார் அன்புசெல்வன். அதுவரை தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைச் சுவரில், தொலைபேசிக்கு மேலே, அந்த எண்ணைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் போடவில்லை.

அங்கே போய், அந்தத் தொலைபேசியிலிருந்தே அழைத்துப் பார்த்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.