விசிலுக்குக் காத்திருக்கும் பஸ்

மார்ச் 3

என் கண்டக்டர் அம்மாவுக்கு,

இங்கே நான் இருக்கிறேன்; நீ நலமா? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். அக்கா வீட்டுக்குப் போகிறவள் பீரோவையே காலி செய்துகொண்டா போவாய்? அவ்வளவு கோபமா?

கணினிக் கடைக்காரர் பஸ் ஓட்டும் விளையாட்டுக்குள் நம் வண்டியையே செய்து வைத்துவிட்டார். அதே நிறம், பின்கதவில் அதே நசுங்கல், நம் தடத்தின் எல்லா நிறுத்தங்களும். வீட்டு மேசையில் ஸ்டியரிங், காலடியில் பிரேக். முதல் நிறுத்தத்தில் ஆட்கள் ஏறினார்கள். நான் வண்டியை எடுக்கவேயில்லை. உள்ளே ஒரே கூச்சல். நான் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம்தான் உறைத்தது, உன் இரட்டை விசிலுக்குக் காத்திருக்கிறேன் என்று! எத்தனை வருடப் பழக்கம். விசிலை ஊதிப் போனில் பதிந்து அனுப்பு, கடைக்காரர் சேர்த்துவிடுவார்.

இன்னொன்று. டிப்போ டாக்டர் உன்னைக் கூப்பிடுவார். வலிப்பு வந்து மேட்டில் வண்டி நின்றுபோன அன்றைக்குப் பிறகு எனக்கு அது வரவேயில்லை என்று சொல்லிவிடு. வீட்டில் நடந்ததைப் பார்த்தவள் நீ ஒருத்திதானே.

உன் டிரைவர்

மார்ச் 9

டிரைவர் சாருக்கு,

விசிலை அனுப்பிவிட்டேன். மொட்டைமாடியில் நின்று ஊதினேன். "உனக்கு என்னடி ஆச்சு?" என்று அக்கா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புது டிரைவர் பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாம் என்மேல்தான் விழுகிறார்கள். உங்கள் கைப்பக்குவம் அவருக்கு வராது. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

டாக்டரிடம் மட்டும் பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகும் வலிப்பு வந்து குளியலறையில் மண்டை உடைந்து கிடந்தவரைத் தூக்கியவள் நான். அதை மறைக்கச் சொன்னீர்கள், அதனால்தான் கிளம்பினேன். பஸ்ஸில் வந்த அன்றைக்கு மேடு, வண்டி தானாக நின்றது. இறக்கமாக இருந்திருந்தால்? டிப்போ அலுவலகத்தில் வேலை தருகிறோம் என்கிறார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் கண்டக்டர்

மார்ச் 13

கண்டக்டர் அம்மாவுக்கு,

வண்டி ஓட்டிய கையால் காகிதம் புரட்டச் சொல்கிறாயா? உன் விசிலைச் சேர்த்தாயிற்று. விடிந்தால் அடைந்தால் அதே தடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாயைக்கூட இடிக்கவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும் உனக்கு?

உன் காலில் விழுகிறேன், ஒரே ஒரு பொய். வண்டி இல்லையென்றால் நான் நடைப்பிணம். அதைக்கூடச் செய்ய முடியாதென்றால் அக்கா வீட்டிலேயே இருந்துகொள். இந்தப் பக்கம் வராதே.

உன் டிரைவர்

மார்ச் 18

அன்புள்ள உங்களுக்கு,

உண்மையைச் சொல்லிவிட்டேன். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா, நீங்க சொல்றத எழுதிட்டா அவருக்கு இனிமே வண்டி கிடையாது" என்றார் டாக்டர். "யோசிச்சுத்தான் சார் சொல்றேன்" என்றேன். வெளியே வந்து, பஸ் கழுவும் குழாயடியில் நின்று அழுதேன். அதற்குள் வண்டிக்கு நேரமாகிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறிவிட்டேன்.

உங்கள் உயிரையே பிடுங்கிவிட்டேன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். நீங்களாகக் கூப்பிடாமல் வரமாட்டேன்.

நான்

மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

கடிதத்தைப் படித்ததும் வாயில் வந்ததையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினேன். அப்படியும் ஆத்திரம் அடங்காமல் ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட நிறுத்தம் வரைக்கும் ஓட்டியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம். திரையில் நம் வண்டி அந்த நிறுத்தத்தின் நிழற்குடைக்குள்ளேயே ஏறி நின்றது. மறுபடியும் தொடங்கவா என்று விளையாட்டு கேட்டது. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். உன்னைத் திட்டி எழுதியதைக் கிழித்துவிட்டேன்.

நீ செய்தது சரிதான். ஆனாலும் உன்னை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை. இருந்தாலும் வா. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்