பூட்டிக் கிடக்கிற கிணறு

திருச்சுழி,
சித்திரை 10.

அன்புத் தம்பி நாகராஜுக்கு, அக்கா முருகலட்சுமி எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அய்யனாரை வேண்டிக்கொண்டேன். போனில் கிணற்றுப் பேச்சை எடுத்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் கடிதம்.

மழை இல்லை, மல்லிச் சாகுபடி ஆளைக் கவிழ்த்துவிட்டது. மகள் ரேணுகாதேவிக்குக் காரியாபட்டியில் வேலை கிடைத்திருக்கிறது, அது ஒன்றுதான் நல்ல சேதி.

நீ இருக்கிற நாட்டு அரசாங்கம் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தபோது, நல்லவர்கள், நம்பிக் கொடுங்கள் என்றாய். கிழக்குத் தெரு உப்புத் தண்ணீர் போர்வெல்லில் சுத்திகரிப்பு மெஷினை வையுங்கள் என்றார் உன் மச்சான். அங்கே அவர்கள் பெயர்ப் பலகை வைத்தால் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாதாம். ஊரே குடித்துக்கொண்டிருந்த, ரோட்டோரத்து நம் நல்ல தண்ணீர்க் கிணறுதான் வேண்டுமென்றார்கள். நல்ல தண்ணீருக்கு எதற்கு மெஷின் என்று கேட்டேன், சிரித்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான்.

கொடுத்த பிறகும் நாங்கள் திருட்டுத்தனமாக இறைப்போம் என்று ஊரில் பேச்சு வந்தது. ரோஷக்காரர் அல்லவா, உன் மச்சான் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். கிணறு இனி அவர்களுடையது, அவர்களாகத் திருப்பித் தராமல் நானும் என் வீட்டாரும் கை வைக்கமாட்டோம் என்று.

மெஷின் ஒரு கோடைதான் ஓடியது. பழுதான சாமான் உங்கள் நாட்டில்தான் கிடைக்குமாம். அதற்குள் அங்கே ஆட்சி மாறி உதவியை நிறுத்திவிட்டார்கள். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டி, சாவியோடு போனவர்கள்தான். இங்கே மனு கொடுத்தால், வெளிநாட்டுக்காரர் சொத்து, தொடமுடியாது என்கிறார்கள். பலகை மட்டும் பளபளவென்று நிற்கிறது.

கிழக்குத் தெரு செல்லக்கிளி நேற்று குழாயடியில் கேட்டாள், "கெணத்தக் குடுத்தவுக வீட்லயும் உப்புத் தண்ணிதானாக்கா?" கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் மச்சானுக்குச் சிறுநீரகம் கெட்டுவருகிறது, உப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். பாளையம்பட்டி கேன் தண்ணீர் வண்டி வராத நாளில் அந்த உப்புத் தண்ணீரையேதான் குடிக்கிறார். ஆத்திரத்தில் பூட்டை உடைக்கக் கடப்பாரையை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டார். "சூடத்த அணச்சவன் நான், புள்ள. என்னையக் கொன்னுட்டு ஒடை."

பணம் அனுப்பாதே. கேன் வாங்கக்கூட வேண்டாம். அவர்கள் ஆபீஸ் வாசலில் போய் நில். உங்கள் கிணற்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை வாங்கி அனுப்பு. சாவியும் வேண்டாம். அந்த வார்த்தை வந்தால் பூட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் வாங்கு தம்பி, அவர் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது.

நீ நன்றாக இரு. அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம் என்பாயே, வயிறு குளிரக் குடி.

உன் அக்கா,
முருகலட்சுமி