யாருடைய சிவப்புப் பாவாடை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அந்தக் குளிரில் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நீ எழுதிய சிறுவர் கதைப் புத்தகம் போன வாரம் வந்தது. விடுதிச் சலவைக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சுற்றி உட்கார, இஸ்திரிக்காரப் பெண் சத்தமாக வாசித்தாள். பழுதாகி மூலையில் கிடந்த, துணி காயவைக்கும் பெரிய டிரையருக்குள் நீயும் உன் தோழி, நாமெல்லாம் தவளை என்று கூப்பிடுவோமே, அவளும் ஏறிக்கொண்டு, நிமிடம் காட்டும் குமிழை வருஷம் என்று திருகி விளையாடியதை அப்படியே எழுதியிருக்கிறாய். நாற்பதில் வைத்தால் நாற்பது வருஷம் பின்னால், வேலியில்லாத பழைய கடற்கரை. விருந்தாளிகளைத் தவிர யாரும் கால் நனைக்கக் கூடாது என்று இந்தத் தீவுக்கு வேலி போட்டவர்களை உன் கதையில் நண்டுகள் துரத்தும் இடத்தில் கூடமே கைதட்டியது. நிஜத்தில் ஒரு நண்டும் வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும்தான் வேலிக்கு அடியில் புகுந்து போய்க் குதித்துவிட்டு வருவீர்கள்.

கடைசி அத்தியாயத்தில்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சிறுமி காலத்தில் பின்னால் போய், அழுக்கு விரிப்புக் குவியலிலிருந்து தன் சிவப்புச் சீருடைப் பாவாடையை எடுத்துவிடுகிறாள், அதனால் தோழி தீவை விட்டுப் போகவில்லை. கடலுக்கு ஓடிய அவசரத்தில் நீதான் பாவாடையை அங்கே போட்டுவிட்டாய் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாயா? இல்லை கண்ணு, போட்டது நான். விருந்தாளிகளுக்கு நீச்சல் குளம் நிறையத் தண்ணீர், நம் குடியிருப்புக் குழாயில் வெறும் காற்று. மறுநாள் உனக்குப் பள்ளிக்கூடம், அதனால் விடுதி மிஷினில் விரிப்புகளோடு ஒளித்துப் போட்டேன். அத்தனை வெள்ளை விரிப்பும் ரோஜா நிறமாக வந்தது. மேலாளர் பாவாடையைத் தூக்கிப் பிடித்து யாருடையது என்று கத்தினார். உங்கள் இருவருக்கும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. தவளை முன்னால் வந்து என்னுது என்றாள். பாய்லர் பார்த்த அவள் அப்பாவைக் குடும்பத்தோடு மறுநாள் படகில் ஏற்றிவிட்டார்கள். நான் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தோடு அக்கரைக்குப் போனேன். தவளை அங்கே படகுப் பட்டறையில் இன்ஜின் மெக்கானிக், தெரிந்தும் இத்தனை நாள் எட்டிப் பார்க்காதவள் நான். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. நீங்க போட்டத நான் அப்பவே பாத்தேன் அத்தை, என்றாள். அப்புறம் ஏண்டி உன்னுதுன்னு சொன்னே என்று கேட்டேன். உங்க பொண்ணுக்கு அப்பா இல்ல, உங்க வேலையும் போச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போவீங்க, எங்கப்பாவுக்கு வேற பாய்லர் கிடைக்கும்னு நெனச்சேன், ஒன்பது வயசு மூளைக்கு அவ்வளவுதான் எட்டுச்சு, என்றாள். கிடைச்சுதா என்றேன். ரெண்டு வருஷம் கிடைக்கல, என்றாள். ஒளிக்காமல் சொன்னாள், அதற்கும் அவளுக்கு நன்றி. நீ படித்ததும் நான் உன்னை வளர்த்ததும் அந்தக் குழந்தை சொன்ன ஒரு வார்த்தையால்தான். திங்கட்கிழமை இப்போதைய மேலாளரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். எந்த விரிப்பு என்று கேட்டார். ஒரு குடும்பத்தையே துரத்தியவர்களுக்கு ஏன் துரத்தினோம் என்று ஞாபகம்கூட இல்லை.

தவளை உன் கடைசி அத்தியாயத்தை நின்றபடியே படித்தாள், ஓரமெல்லாம் கிரீஸ் கறை. படித்துவிட்டுச் சிரித்தாள். பின்னால போற மிஷினே கிடைச்சும் இவ போய் அழுக்குத் துணி பொறுக்குறா பாருங்க அத்தை, அடுத்த தடவை நேரா கடலுக்கு வரச் சொல்லுங்க, நான் வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குறேன், என்றாள்.

இதை எழுதுகிற தைரியம் உன் புத்தகம் கொடுத்தது, உன் கை நல்லா இருக்கட்டும், நீ எழுதுவதெல்லாம் குழந்தைகள் கையில் கிழிந்து நைந்து போகட்டும். விடுமுறைக்கு வரும்போது முதலில் அக்கரையில் இறங்கி அவளைப் பார், அப்புறம் வீட்டுக்கு வா. என்மேல் கோபம் இருந்தால் நேரில் திட்டு, ஃபோனில் வேண்டாம்.

உன் பாவாடையை மிஷினில் போட்ட,
அம்மா