கர்னலின் பெயரைச் சொன்ன வருடம்

மார்ச் 3

காலையில் மழை. சாப்பாட்டுக் கடைக்கு ஆள் குறைவு. வாழைக்காய் மசியல் மிஞ்சியதை ஜாலியா அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். என் கணவர் செருஞ்சோகி இன்று சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் மட்டும். நான் பார்க்காத மாதிரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன், பார்த்தால் நிறுத்திவிடுவார். கடவுளுக்கு நன்றி.

மார்ச் 9

தம்பி முகாசாவின் பிறந்த நாள். ஒருமுறை எழுதிவிட்டால்தான் மனசு அடங்கும்.

மீனவர்கள் நாங்கள் குடியிருக்கும் ஏரிக்கரையைக் கர்னல் டிபலேகாவின் ஹோட்டலுக்காகக் காலி செய்ய மாட்டோம் என்றோம். போன வருடத் தொடக்கத்தில் அவருடைய ஆட்கள் ஏரியில் வைத்து எங்கள் படகைக் கொளுத்தினார்கள். படகிலிருந்த என் கணவரையும் தம்பியையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். செருஞ்சோகி நான்கு மாதம் கழித்து வந்தார். மணிக்கட்டில் கட்டித் தொங்கவிட்டதில் கைகளுக்குப் பிடிமானம் போய்விட்டது. இருட்டறை, யார் எங்கே இருந்தார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. முகாசா வரவே இல்லை. எந்த போலீஸ் ஸ்டேஷனில் கேட்டாலும் அப்படி ஒரு ஆளே இல்லை என்கிறார்கள்.

இருக்கிறான் என்று கும்பிடுவதா, இல்லை என்று அழுவதா? இன்றும் தெரியவில்லை.

மார்ச் 20

எழுத்து கோணல்.

மதியச் செய்தியில் சொன்னார்கள். அமெரிக்கா கர்னல் டிபலேகாவுக்குத் தடை விதித்திருக்கிறது. லஞ்சத்துக்காக, மீனவர்களைச் சித்திரவதை செய்ததற்காக. அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது, அங்கே அவருக்கு இருப்பதெல்லாம் முடக்கம், அங்குள்ள யாரும் அவரோடு வியாபாரம் செய்யக் கூடாது.

கடையில் ஒரு நிமிடம் யாரும் சாப்பிடவில்லை. பிறகு வலை பின்னும் ஒகெல்லோ சொன்னான்: "எனக்கும்தான் அமெரிக்கா விசா தரமாட்டேங்குது. நான் என்னப்பா தப்பு பண்ணேன்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. ஜாலியா அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "வெங்காயம் நறுக்குறான்னு சொல்லிக்கிறேன், நீ அழுதுக்கோடி" என்றாள்.

போன வருடம் நகரத்தில் வக்கீல் லமுனுவின் அறையில் நான் சொன்னவை, இன்னும் சிலர் சொன்னவை, எங்கோ போய்ச் சேர்ந்திருக்கின்றன. முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். படித்து நம்பியிருக்கிறார்கள்.

படுக்கப் போகும்போது செருஞ்சோகி, "பேரைச் சொல்லிட்டாங்க, நாமு" என்றார். இங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லாத பேர்.

மார்ச் 22

பயம். என் பெயரையும் வெளியிட்டிருப்பார்களோ? லமுனுவுக்குப் போன் செய்தேன். "எங்கேயும் இல்லக்கா. நானே வரி வரியாப் பார்த்துட்டேன். தூங்குங்க" என்றாள்.

ஏப்ரல் 5

ஹோட்டல் வேலை நின்றுவிட்டது. கர்னலோடு கூட்டு சேர்ந்த கம்பெனிக்குக் கடன் தருவதாக இருந்த வெளிநாட்டு வங்கி கையை விரித்துவிட்டதாம். சிமெண்டுத் தூண்கள் பாதியில் நிற்கின்றன.

மத்தியானம் நபிர்யே வந்தாள். அவள் புருஷன் அங்கேதான் கொத்தனார். "உங்க அமெரிக்காக்காரன் எங்க சோத்துல மண்ணப் போட்டுட்டான். கர்னல் பட்டினியா கிடக்கிறாரு? என் புள்ளைங்க கிடக்குதுங்க." உங்க என்று ஏன் சொன்னாள்? தெரிந்து சொன்னாளா, வாய்க்கு வந்ததா?

அவள் சொல்வதில் பொய் இல்லை. பாத்திரத்தில் மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே வாங்கினாள். நாளையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 14

ஒருவர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான பேச்சு. ஜிலேபி மீனை முள்ளை மட்டும் மிச்சம் வைத்துச் சாப்பிட்டார். கர்னலின் ஆள் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கர்னல் தன் பேரைச் சுத்தம் பண்ணிக்க ஆசைப்படறார்மா. சாட்சி சொன்னவங்கள்ல ஒருத்தராவது, யாரோ சொல்லிக் கொடுத்துச் சொன்னேன்னு எழுதிக் கொடுத்தா போதும்."

"அதுக்கு ஏன் ஐயா எங்கிட்ட வந்தீங்க?"

"சும்மாதான், சாப்பிட வந்தேன்." கை துடைத்துக்கொண்டார். "உங்க தம்பி இன்னும் உள்ளதானே இருக்கான்? அவனுக்கும் இந்த மீன் பிடிக்குமாமே."

இருக்கிறான். இருந்தான் என்று சொல்லவில்லை, இருக்கிறான் என்றார்.

என் குரல் எங்கிருந்து வந்ததோ. "அவன் உசிரோட இருக்கான்னு நான் எப்படி நம்புறது? ஒரு வார்த்தை பேச வையுங்க. அப்புறம் யோசிக்கிறேன்."

ஏப்ரல் 15

நான் வரச் சொன்னபடியே வந்தார், கடை நிறைந்திருக்கிற நேரத்தில். போனை நீட்டினார். "என் காது மந்தம் ஐயா, ஸ்பீக்கர்ல போட்டுச் சத்தமா வையுங்க" என்றேன். என் காதுக்கு எலி ஓடுவதுகூடக் கேட்கும்.

"முகாசாவா?"

"ஆமாக்கா. முகாசாதான். நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். துண்டித்துவிட்டார். அடைபட்டுக் கிடப்பவன் என்னைக் கேட்கிறான், சாப்பிட்டியா என்று.

"வெள்ளிக்கிழமை வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையில் எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரல் 16

"எழுதிக் குடுத்துடு" என்கிறார் செருஞ்சோகி. "என் கையை நினைச்சு யோசிக்காத. போன கை போனதுதான். அவன் வரட்டும்."

லமுனு வேறு மாதிரி சொல்கிறாள். "அவன் அவங்ககிட்டதான் இருக்கான்னு அவங்களே காட்டிக் கொடுத்துட்டாங்கக்கா. கோர்ட்டுல கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி இன்னைக்கே மனு போடலாம். ஆனா குரலைக் கேட்டவங்க வந்து சத்தியம் பண்ணணும். ஆபத்தையும் மறைக்கல. அவனை வேற இடத்துக்கு மாத்திடலாம். அதைவிட மோசமாவும் பண்ணலாம்."

எதைச் செய்ய? நான் பொய் சொன்னேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு அவர்கள் அவனை விடாவிட்டால்? எந்த வாயோடு கோர்ட்டில் போய் நிற்பேன்? பொய்க்காரி என்று நானே எழுதிக் கொடுத்திருப்பேனே.

மனு போடச் சொல்லிவிட்டேன். தப்பாகிப்போனால் என் தம்பியை நானே கொன்றேன் என்று ஆகும். கடவுளே, உன்னிடம் வேறெதுவும் கேட்கமாட்டேன்.

ஏப்ரல் 17

குரலைக் கேட்டவர்களில் ஜாலியா அக்கா சாட்சி சொல்ல வருகிறாள். "எனக்கென்ன, புருஷனா குட்டியா? வந்து சொல்றேன்." ஒகெல்லோ வரமாட்டான். இரண்டு சின்னக் குழந்தைகள் அவனுக்கு. தலை குனிந்துகொண்டு சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

ஒருத்தி போதாது என்கிறாள் லமுனு.

சாயங்காலம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க நபிர்யே வந்தாள். போனில் அவன் பேசிய அன்று அவளும் குழம்பு வாங்க நின்றிருந்தாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கேட்க வாய் வரவில்லை. அவளாகவே சொன்னாள்: "எனக்கு அமெரிக்காவும் வேணாம், உங்க வக்கீலும் வேணாம். ஆனா அந்தப் பையன் குரலைக் கேட்டேன். கேட்டதைக் கேட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு என்ன?"

"உன் புருஷன்?"

"அவருக்குத்தான் வேலையே இல்லையே. இனிமே எதைப் பிடுங்குவாங்க?"

காலில் விழப்போனேன். "சும்மா இருங்கக்கா" என்று தள்ளிவிட்டாள்.

ஏப்ரல் 18

வெள்ளி. அந்த ஆள் வருமுன் கடையைப் பூட்டிவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டோம்.

ஏப்ரல் 29

அப்படி ஒரு ஆளே எங்களிடம் இல்லை என்றார் அரசாங்க வக்கீல். பிறகு ஜாலியா அக்கா கூண்டில் ஏறினாள், அவளுக்குப் பின் நபிர்யே. "அவன் வேற என்ன பேசினான்?" என்று நீதிபதி கேட்டார். "அக்காவைச் சாப்பிட்டியான்னு கேட்டான் ஐயா. எல்லாத் தம்பியும் கேட்கிறதுதான்" என்றாள் நபிர்யே. நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உயிரோடு கொண்டுவந்து நிறுத்த உத்தரவு.

மே 6

கொண்டுவரவில்லை.

மே 13

கொண்டுவந்தார்கள்.

மே 14

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் முடியாது போலிருக்கிறது. எலும்பும் தோலும். ஆனால் என் தம்பி. குற்றச்சாட்டு எதுவும் இல்லை, போகலாம் என்றார் நீதிபதி. அவன் போகாமல் நின்றான், யாராவது தள்ளினால்தான் நடப்பது என்று பழகியிருக்கிறான். செருஞ்சோகி பக்கத்தில் போய், தன் கையால் பிடிக்க முடியாததால், அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அப்படியே வெளியே வந்தார்கள். லமுனு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது? கிளம்பும்போது, "சாப்பிட வா" என்று மட்டும் சொல்ல வந்தது.

ஜூன் 2

கர்னல் இன்னும் மலைமேல் வீட்டில்தான் இருக்கிறார். அவர் மேல் எந்த வழக்கும் இல்லை. ஆனால் அவர் ஆட்கள் இப்போது கரைக்கு வருவதில்லை. நபிர்யேயின் புருஷன் எங்கள் கூரைக்கு ஓடு மாற்றித் தருகிறார். அவருக்கு வேறு வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 8

நகரத்தில், லமுனுவின் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னொரு நாடும் கர்னல் மேல் தடை விதிக்க யோசிக்கிறதாம், அடைபட்டிருந்தவர்கள் சாட்சி சொன்னால் உதவும் என்றாள் லமுனு. வேண்டாம்டா என்றேன் நான். முகாசா கேட்கவில்லை. பெயரை மறைக்கலாம் என்று லமுனு சொன்னதற்கும், "என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றான்.

கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே கர்னலின் பெயரைச் சொல்லிச் சொல்லி எழுதவைக்கும் அவன் குரல் வராந்தா முழுக்கக் கேட்கிறது, படியேறி வருபவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கொஞ்சம் மெதுவாகப் பேசு என்று சொல்ல எழுந்தேன்.

சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.