அட்ஜஸ்ட்டுக்குக் கட்டிய பந்தயம்

ஜூலை 7, திங்கள்

விடியும்போதே புழுக்கம். வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, ஊக்கு, ஸ்டெல்லாவுக்கு வலித் தைலம்.

தாம்பரத்தில் 8.10 எலக்ட்ரிக் ட்ரெயின், லேடீஸ் பெட்டி. மூன்று பேர் உட்காரும் பலகை. ஜன்னலோரம் லேப்டாப் பையோடு புதுசாக ஒரு பொண்ணு. நடுவில் ஏறினதும் தூங்கிவிடும் அம்மா. ஓரத்தில் நான். குரோம்பேட்டையில் ஸ்டெல்லா ஏறினாள். அஸ்தினாபுரத்துக்காரி, கிண்டி கேன்டீனில் நான் தோசைக்கல், அவள் காய் நறுக்க. அவளுக்கு முட்டி வீங்கிக் கிடக்கிறது. வண்டியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க பாப்பா," என்றேன் ஜன்னலோரப் பொண்ணிடம்.

பன்னிரண்டு வருஷமாக இந்தப் பெட்டியில் நாலாவது ஆள் உட்கார அந்த ஒரு சொல் போதும்.

"இது மூணு பேர் சீட்டு, அக்கா." காதில் வயர், கண் போனில்.

என் இடத்தை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றே போனேன்.

ஜூலை 8, செவ்வாய்

அதே பலகை, அதே பொண்ணு, அதே பதில். நான் எழுந்தால் ஸ்டெல்லா உட்கார மாட்டேன் என்கிறாள்.

"நாள் பூரா கல்லுகிட்ட நிக்கறவ நீ. உன்னை நிக்க வெச்சுட்டு நான் உக்காந்து வரணுமா? இந்த வாரத்தோட வேலைய விட்டுடறேன் செல்வி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் இல்லாத கேன்டீனில் யாரைக் கலாய்ப்பது?

பொண்ணு பக்கம் திரும்பினேன். "இன்னா பாப்பா, அட்ஜஸ்ட்னா இன்னான்னு தெரியாதா? தமிழ்லதானே கேக்கறேன்?"

"அது தமிழே இல்லக்கா. இங்கிலீஷ்."

"எங்கம்மா கைநாட்டு. அவங்களே சொல்லுவாங்க. தமிழ்தான்."

பந்தயம். தமிழ் என்றால் அவள் நகர்ந்து இடம் தர வேண்டும். இங்கிலீஷ் என்றால் சீட்டைப் பற்றி நான் இனி வாயே திறக்கக் கூடாது. நான் அஞ்சாங்கிளாஸ். தைரியத்துக்குக் குறைச்சல் இல்லை.

ஜூலை 9, புதன்

தூறல். துணி காயவில்லை.

சாயங்காலம் மாடி வீட்டு ரோஸ்லின் மிஸ்ஸிடம் போனேன். இங்கிலீஷ் டீச்சர். தலையணை சைஸில் ஒரு அகராதியைப் புரட்டினார்.

"தோத்துட்ட செல்வி. இங்கிலீஷ்தான்."

போச்சு. எழுந்தேன்.

"உக்காரு, முழுசா கேளு. லத்தீன்ல 'பக்கத்துல'ன்னு ஒரு சொல். அதுலேர்ந்து பிரெஞ்சுக்காரங்க 'பக்கத்துல சேர்த்து வை'ன்னு ஒண்ணு பண்ணாங்க. அதுதான் இங்கிலீஷுக்கு வந்துச்சு. இப்ப அவங்க கண்ணாடி, பெல்ட்டு, நாற்காலின்னு பொருளைத்தான் நிறைய அட்ஜஸ்ட் பண்றாங்க. நவுந்து இடம் குடுன்னு கேக்கறது நம்ம ஊரு வழக்கம்."

"அப்போ பக்கத்துல சேருன்னு நாங்க சொல்றதுதான் அதோட பழைய அர்த்தமா மிஸ்?"

"கிட்டத்தட்ட."

படியில் இறங்கும்போது பாட்டு வந்தது. ரசத்தில் உப்பு போட மறந்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். ஏறினதும் பொண்ணிடம் போனேன்.

"தோத்துட்டேன் பாப்பா. இங்கிலீஷ்தான். அர்த்தத்தை மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கறேன்."

லத்தீன், பிரெஞ்சு, பக்கத்துல, எல்லாம் மிஸ் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். தூங்குகிற அம்மாகூடக் கண்ணைத் திறந்தாள். பொண்ணு நம்பவில்லை. போனில் தேடினாள். சானட்டோரியம் ஸ்டேஷன் போய்விட்டது, இன்னும் படிக்கிறாள்.

குரோம்பேட்டை. ஸ்டெல்லா கம்பியைப் பிடித்து ஒரு காலை இழுத்து ஏறினாள். நான் பந்தயப்படி வாய் திறக்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு மேலே ஃபேனைப் பார்த்தேன்.

பொண்ணு பையை மடிக்கு எடுத்தாள். ஜன்னலோடு ஒட்டினாள். நடு அம்மாவின் தோளைத் தட்டினாள்.

"ஆன்ட்டி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. இந்தக்கா உக்காரணும்."

ஸ்டெல்லா உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், அந்தப் பொண்ணைப் பார்த்தாள். "இன்னாடி நடக்குது இங்க?"

பதில் சொல்ல முடியாது. பந்தயம். கிண்டி வரைக்கும் வாயை மூடி வந்தேன், என் வாழ்நாளில் முதல் தடவை. பெட்டியே என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஜூலை 11, வெள்ளி

பொண்ணு பேர் திவ்யா. ஸ்டெல்லா திங்கட்கிழமையும் வருகிறாள். நான் நாலாவது ஆள், பாதி இடுப்பு பலகைக்கு வெளியே, மகாராணி மாதிரி.